அமுக்கர் வண்டியும் மூன்று கிண்ணம் ஜெல்லியும்

ஒருவரையொருவர் பார்த்தால் மற்றவர்கள் கை குலுக்குவார்கள், நலம் விசாரிப்பார்கள், பேச ஒன்றும் இல்லையென்றால் வெயிலைத் திட்டுவார்கள். அமுக்கர் அந்த வழக்கமெல்லாம் வைத்துக்கொண்டதில்லை. வந்தவர் எந்தக் காரில் வந்தார் என்று முதலில் பார்ப்பார். பிறகு அந்தக் காரின் ஒரு மூலைக்குப் போவார். இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி ஓர் அமுக்கு அமுக்குவார். சட்டென்று கையை எடுத்துவிட்டு, வண்டி என்ன செய்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் "வாங்க" என்பார். சில சமயம் "அடப்பாவமே, வாங்க" என்பார்.

அவர் தொழில் ஷாக் அப்சார்பர் பார்ப்பது. வேறு எதையும் பார்க்கமாட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் வேற ஆள் இருக்காங்க" என்று, இதய நிபுணர் சுளுக்குக்கு வந்தவரை அனுப்பிவைக்கிற தோரணையில் அனுப்பிவிடுவார்.

ஷாக் அப்சார்பர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு அவர் வைத்திருந்த விளக்கம் இது. சக்கரத்துக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் குழாய் மாதிரி ஒன்று நிற்கிறது. தெரு கொடுக்கிற அடியையெல்லாம் அது வாங்கிக்கொள்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. கூட்டுக் குடும்பத்தில் நடுப்பிள்ளை பார்க்கிற வேலை. நடுப்பிள்ளையைப் போலவே, அது செத்துப்போகும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நல்ல ஷாக் உள்ள வண்டியை அமுக்கிவிட்டால் ஒருமுறை எழும், அடங்கி நின்றுவிடும். கெட்டுப்போனது எழும், தாழும், மறுபடி எழும், மறுபடி தாழும். இதற்கு அவர் வைத்த பெயர் 'ஆமாஞ்சாமி வண்டி'. "பாத்தீங்களா, தலையாட்டிட்டே இருக்கு? எதுக்கெடுத்தாலும் ஆமா போடற ஆளையும் நம்பக்கூடாது, வண்டியையும் நம்பக்கூடாது" என்பார். வண்டிக்காரர் ஆமாம் என்று தலையாட்டுவார். அமுக்கர் அவரையும் ஒரு பார்வை பார்ப்பார்.

இப்படி அமுக்கி அமுக்கியே வந்த பெயர் அமுக்கர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. பட்டறையில் மூன்று வண்டி நிற்கலாம், நான்காவது வந்தால் தெருவில் நிற்கும். சுவரில் ஸ்பேனர்கள் உயர வரிசையில் தொங்கும். ஒரு மூலையில் கழற்றிப் போட்ட பழைய ஷாக்குகள் விறகு மாதிரி அடுக்கியிருக்கும். வாசலை ஒட்டி வண்டி கழுவுகிற குழாய். குழாய்க்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு கார் நிற்கும். அதுதான் அமுக்கரின் சொந்தக் கார், பட்டறையின் பெருமை, மற்ற வண்டிகளெல்லாம் பார்த்துத் திருந்தவேண்டிய மாதிரி வண்டி.

"மொதல்ல உங்க வண்டிய அமுக்குங்க" என்பார் வந்தவரிடம். அவர் அமுக்குவார். "இப்ப என் வண்டிய அமுக்குங்க." குழாய்ப்பக்கத்துப் பின்மூலைதான் கைக்கு எட்டுகிற மூலை. எல்லோரும் அதையேதான் அமுக்குவார்கள். வண்டி அசையாது.

"என்ன சொல்லுது?"

"ஒன்னும் சொல்லலீங்க."

"அதான்! கல்லு மாதிரி நிக்குதா? நாலு வருசத்துக்கு முன்னாடி என் கையால மாட்டின ஷாக்கு. இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல."

தொடாததை இவ்வளவு பெருமையாகச் சொன்ன மெக்கானிக் வேறு யாரும் இல்லை.

பட்டறைக்கு மேல்மாடிதான் வீடு. கீழே டீசல் வாசம், மேலே வெனிலா வாசம். படிக்கட்டில் பாதியில் நின்றால் இரண்டும் கலந்து, பிறந்தநாள் கொண்டாடும் லாரி மாதிரி ஒரு வாசம் வரும். மேலே இருந்தவர் அமுக்கரின் மனைவி. தெருவுக்கு அவர் கேக்கக்கா. அடுக்குக் கேக் செய்வதில் அவருக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கிற பழக்கம் இல்லை. "என் கேக்குல கத்தி எறங்கறப்ப சத்தம் வரக்கூடாது. வந்தா அது ரொட்டி" என்பார். ஆர்டர் முடிந்ததும் கேக்கை மாதிரி வண்டியின் பின்சீட்டில் வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, பேறுகாலத்துப் பெண்ணைப் பிடித்துக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பார். ஓட்டுவது அமுக்கர்.

அந்தக் குடும்பத்தில் இரண்டு பெருமைகள் ஒரே காரில் சேர்ந்து பயணம் செய்தன. இப்படிப்பட்ட இடத்தில் எப்போதாவது மோதல் வரத்தானே செய்யும்?

முதல் மோதல் பல் டாக்டர் மகளின் பிறந்தநாளில் வந்தது. இரண்டடுக்குக் கேக் வீட்டிலிருந்து கிளம்பும்போது நேராக நின்றது. டாக்டர் வீட்டு மேசையில் பெட்டியைத் திறந்தபோது யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. டாக்டர் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "பரவால்லம்மா, சின்ன வயசுதான். ஒரு கிளிப் போட்டா நேராயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேக்கக்காவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

இரண்டாவது ஒரு கல்யாணக் கேக். உச்சி அடுக்கு வழியிலேயே வழுக்கி இறங்கிவிட்டது. மேலே நின்ற மாப்பிள்ளைப் பொம்மை க்ரீமில் குப்புற விழுந்து கிடந்தது; பெண் பொம்மை மட்டும் நிமிர்ந்து நின்றது. "மொத நாளே கால்ல விழுந்துட்டாரு, நல்ல குடும்பம்" என்று பெண் வீட்டுப் பெரியவர் சமாளித்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கல்யாண ஆர்டர் எதுவும் வரவில்லை.

குற்றம் யார் மேல் என்பதில் அமுக்கருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"மூணு மாடி கட்டறே. அஸ்திவாரம் ஸ்பாஞ்சு. சாயாம என்ன செய்யும்?"

"ஸ்பாஞ்சு இல்லாம கருங்கல்லுலயா கேக் செய்வாங்க?"

"அத நான் எப்படிச் சொல்றது? உன் தொழில். என் தொழில்ல குத்தம் இல்ல, அவ்வளவுதான் சொல்றேன். வண்டி கல்லு மாதிரி நிக்குது."

அப்படி இருக்கையில்தான் பெரிய டீச்சர் ஆர்டர் கொடுத்தார். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. அந்த வாரக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஆயிரம் பேர் வரிசையில் நின்றாலும் கோணலாக நிற்கிற ஒருத்தியை மாடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. கேக்கக்காவின் சமையலறைக்கே வந்து உட்கார்ந்து சொன்னார்: "மூணடுக்கு வேணும். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டேன். இருந்தும் உங்ககிட்டதான் வந்தேன். ஆனா ஒன்னு. சாஞ்சிருந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன். கோணலா நின்னுதான் நான் விடைபெறணும்னு இல்ல."

அவர் போனபிறகு கேக்கக்கா மாவு சலிக்கிற சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அமுக்கர் கை கழுவிக்கொண்டு மேலே வந்தபோது நிதானமாகச் சொன்னார்.

"இந்தத் தடவையும் சாஞ்சுதுன்னா அவனை வித்துடறேன். அதோட விட்டுடறேன்."

அவன் என்றது ஓவனை. அவர் அதை அப்படித்தான், வீட்டின் மூத்த பிள்ளையைச் சொல்வதுபோல் சொல்வார். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போனபிறகு அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்டுச் சூடாவது அது ஒன்றுதான்.

அமுக்கர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். துடைத்து முடித்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம வண்டில ஷாக் பாத்தீங்களா?"

மீனைப் பிடித்து வைத்து உனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டால் அது எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தார் அமுக்கர். "தெனம் பத்து பேர் அமுக்கறாங்க. நான் வேற ஏன் பாக்கணும்?"

"எல்லாரும் அமுக்கறாங்க. யாராவது அதுல ஒக்காந்து போறாங்களா?"

"நான் போறேனே!"

"நீங்க முன்னாடி ஒக்காந்து போறீங்க. கேக் பின்னாடி ஒக்காந்து வருது. அதுக்கு வாய் இல்ல."

அன்று பேச்சு அதோடு நின்றது. ஆனால் கேக்கக்கா நிற்கவில்லை. மறுநாள் காலையில் அவர் படியிறங்கி வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஒரே அளவில் மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணங்களில் சிவப்பு ஜெல்லி, விளிம்புவரை, கண்ணாடி மாதிரி மழமழவென்று உறைந்திருந்தது. மாதிரி வண்டியின் கதவுகளைத் திறந்தார். சீட்டில் வைக்கவில்லை, மெத்தை பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கால் வைக்கிற தரையில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று வைத்தார்.

எதிர்ப்பக்கத்து டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். அவர் கடையில் வியாபாரம் எப்படிப் போனாலும் வேடிக்கை எப்போதும் நன்றாக ஓடும். "என்னண்ணே, குடும்பத்தோட பிக்னிக்கா?"

"உன் அண்ணிய கேளு. எனக்கு ஒன்னும் சொல்லல."

"ஒக்காருங்க, சொல்றேன்" என்றார் கேக்கக்கா கணவரிடம். "நாலு சக்கரம். நாலு மூலை. எந்த மூலை அடி வாங்கறப்ப என் கேக்குக்குக் கொடுக்குதுன்னு பாத்துடலாம்."

அமுக்கர் எண்ணிப் பார்த்தார். கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்தது. "நாலு மூலைக்கு மூணு கிண்ணம்தான் இருக்கு?"

"ஓட்டற மூலைக்குக் கிண்ணம் எதுக்கு? உங்க வயிறு இருக்கே. அத விட நல்ல ஜெல்லி எங்கிட்ட இல்ல."

டயர்க்கடையிலிருந்து வந்த சிரிப்புக்கு, மாட்டிவைத்திருந்த ஒரு டயர் கொக்கியைவிட்டு இறங்கியதாக இன்றும் சொல்கிறார்கள்.

வண்டி கிளம்பியது. நூலகத்தைத் தாண்டித் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. வெள்ளைக்கோடு அழிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ஏறியபிறகு மறக்கமுடியாது. அதன்மேல் வழக்கமான வேகத்தில் ஏறி இறங்கி ஓரமாக நிறுத்தினார் அமுக்கர். கேக்கக்கா இறங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்தார். முன் கிண்ணத்து ஜெல்லி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கியது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருந்த கிண்ணமும் அப்படியே. அமுக்கரின் வயிறும் அடங்கிவிட்டிருந்தது. கடைசிக் கதவு, ஓட்டுகிறவருக்கு நேர் குறுக்கே உள்ள பின்மூலை. எப்போதும் கேக் உட்கார்ந்து வருகிற மூலை. அங்கே ஜெல்லி நடுவில் பிளந்து, பாதி கிண்ணத்திலும் பாதி ஈரத்துணியிலும் கிடந்தது.

"அது சரியா உறையல" என்றார் அமுக்கர், எட்டிப் பார்த்த மாத்திரத்தில்.

"மூணும் ஒரே பாத்திரத்துல கரைச்சதுங்க."

"கிண்ணம் கோணலா இருக்கும்."

கேக்கக்கா, முன்னால் நல்லபடியாக இருந்த கிண்ணத்தை எடுத்து, அந்தப் பின்மூலையில் வைத்தார். கதவைச் சாத்தினார். "இன்னொரு தடவை."

ஒரு சுற்றுப் போய் மறுபடி அதே வேகத்தடை. இந்த முறை அமுக்கர் தன்னையறியாமல் காதைப் பின்னால் வைத்திருந்தார். முன் சக்கரங்கள் இறங்கின, சத்தமில்லை. பின் சக்கரங்கள் இறங்கியபோது குறுக்கு மூலையிலிருந்து 'டங்' என்று ஒரு கெட்டிச் சத்தம் கேட்டது. மரக்கட்டையைத் தரையில் போட்டதுபோல் இருந்தது. நாலு வருஷமாக ஓட்டுகிற வண்டி; அதன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். கதவைத் திறந்துபார்க்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் கேக்கக்கா திறந்து காட்டினார். சற்றுமுன்வரை முன்பக்கத்தில் மரியாதையாக இருந்த ஜெல்லி மூன்று துண்டாகக் கிடந்தது.

"மூணாவது தடவை வேணுமா? இன்னொரு கிண்ணம் இருக்கு."

"வேணாம்" என்றார் அமுக்கர்.

பட்டறைக்குத் திரும்பினார்கள். வண்டியைக் குழாய்ப்பக்கம் பழைய இடத்தில் நிறுத்தியதும் அமுக்கர் இறங்கி நேராக அந்தப் பின்மூலைக்குப் போனார். உள்ளங்கைகளை ஊன்றினார். உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினார். வண்டி அசையவில்லை.

"பாரு. கல்லு மாதிரிதான் இருக்கு" என்றார். குரலில் பழைய கம்பீரம் பாதிதான் இருந்தது.

"நல்ல வண்டின்னா அமுக்கறப்ப என்ன செய்யணும்?"

"எழுந்து அடங்கணும்."

"எழணும்னா மொதல்ல தாழணும் இல்ல? இது தாழவே இல்லியேங்க. நீங்க இத்தன நாளா அடக்கம்னு நெனச்சிட்டு இருக்கீங்க. இது அடக்கம் இல்ல, பக்கவாதம்."

டயர்க்கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

அமுக்கர் ஜாக்கியைக் கொண்டுவந்தார். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, குனிந்து பார்த்தார். குனிந்தவர் கொஞ்சநேரம் நிமிரவில்லை. ஊர் வண்டிகளையெல்லாம் கழுவிய தண்ணீர் நாலு வருஷமாக அந்த மூலையில்தான் தெறித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஷாக்குக்குள் ஏறி இறங்கவேண்டிய ராடு கரையான் அரித்ததுபோல் துருவேறி, ஏதோ ஒரு பள்ளத்தில் லேசாக வளைந்து, உள்ளேயே இறுகிக் கிடந்தது. கீழேயும் போகாது, மேலேயும் வராது. தெருவின் அடியை வாங்கவேண்டியவன் வாங்குவதை நிறுத்தி, முழுசாக அப்படியே மேலே அனுப்பிக்கொண்டிருந்தான். மேலே உட்கார்ந்திருந்தது கேக்.

ஒருவன் தவறை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதில்தான் அவன் ஷாக் அப்சார்பர் தெரியும் என்று அமுக்கரே பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அடி அவர் மேலேயே விழுந்திருந்தது. சிலர் ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டே இருப்பார்கள். சிலர் கல்லு மாதிரி இறுகிவிடுவார்கள். அமுக்கர் ஒருமுறை தாழ்ந்தார். தரையில் உட்கார்ந்து, துருப்பிடித்த அந்த ராடைத் தன் கட்டைவிரலால் தடவிப்பார்த்தார். பிறகு எழுந்தார். எழுந்தவர் நேராக வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் கேட்கிற குரலில் அறிவித்தார்:

"டயர்க்கடைத் தம்பீ! எழுந்து நின்னு கேளு. என் வண்டிலயே ஷாக்கு போயிருக்கு. எனக்கே தெரியல! எனக்கே தெரியாதத யாரு கண்டுபிடிச்சா தெரியுமா?"

"நானும்தானண்ணே பாத்துட்டு இருந்தேன்..."

"என் வீட்டம்மா! மூணு கிண்ணம் ஜெல்லி. இந்த ஊர்ல எந்தப் பட்டறையிலயாவது நடக்குமா இது?"

பெருமை என்பது அவரிடம் ஒருபோதும் குறையாது. உரிமையாளர் மட்டும்தான் மாறுவார் என்பதைத் தெரு அன்று தெரிந்துகொண்டது. கேக்கக்கா தட்டையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு படியேறினார். முதுகைப் பார்த்தாலே அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பின்பக்கத்து இரண்டு ஷாக்கையும் அன்றே மாற்றினார் அமுக்கர். "ஒன்னு புதுசு, ஒன்னு பழசுன்னா வண்டி நொண்டும். மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். குழாயை எதிர்ச்சுவர்ப்பக்கம் மாற்றினார். அதன்பின் கையைத் துடைத்துக்கொண்டு, அவமானத்தில் மிச்சமிருந்த ஒரு பங்கையும் செலுத்திவிடத் தொலைபேசியை எடுத்தார். பல் டாக்டரின் கார் போன வாரம் அந்தப் பட்டறையில் அமுக்கப்பட்டு, மாதிரி வண்டியோடு ஒப்பிடப்பட்டு, தேறாமல் போயிருந்தது. நாலு ஷாக்கையும் கழற்ற அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது.

"டாக்டர், வண்டிய கொண்டு வர வேணாம். உங்க ஷாக்கு நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ எழுந்துச்சு, அடங்கிடுச்சு. என் வண்டியப் பாத்து நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அப்போ நல்ல பல்லப் புடுங்கப் பாத்தீங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"பரவால்ல. எனக்கும் ஒரு தடவ அப்படி ஆயிருக்கு. பக்கத்துப் பல்லு." டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் கேக் சாஞ்சது கூட..."

"கேக் மேல குத்தம் இல்லீங்க. வண்டி. கிளிப் போட வேண்டியது எனக்கு."

பெரிய டீச்சர் விடைபெறும் விழா நாள் வந்தது. கேக்கக்கா முந்தைய நாளே அடுக்கிவிட்டார்: மூன்றடுக்கு, வெள்ளை க்ரீம், உச்சியில் திறந்த புத்தகம் மாதிரி ஒன்று, பக்கங்களின் ஓரம் சுருண்டு நிஜம்போலவே இருந்தது. அமுக்கர் அதைப் படியில் இறக்குவதற்குள் மூச்சைப் பிடித்துப் பிடித்து, கடைசிப் படியில் அவருக்கே ஒரு ஷாக் வேண்டியிருந்தது. கேக் அதே பின்மூலையில்தான் உட்கார்ந்தது. வேறு மூலையில் வைக்கலாமே என்று அவர் கேட்டதற்கு, "எங்க விழுந்ததோ அங்கதான் எழுந்து நிக்கணும்" என்று சொல்லிவிட்டார் கேக்கக்கா.

நூலகத்து வேகத்தடையில் கேக்கக்கா கேக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணாடியில் அமுக்கர் பார்த்தார். பின் சக்கரங்கள் இறங்கின. டங் என்ற அந்தச் சத்தம் வரவில்லை. பள்ளிக்கு முன்னால் ரயில் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும்; கல்யாணக் கேக்கின் மாப்பிள்ளை குப்புற விழுந்தது அங்கேதான். அமுக்கர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் கொறைக்கறீங்க?"

"இல்ல... தண்டவாளம்."

"புது ஷாக்கு யாரு மாட்டினது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? எப்பவும் போற மாதிரி போங்க."

அமுக்கர் கண்ணாடியைப் பார்த்தார். கேக்கக்கா இரண்டு கையையும் கேக்கிலிருந்து எடுத்து, மடியில் கோத்து வைத்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை, நேராகக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாக் மாட்டுகிற இத்தனை வருஷத்தில் அமுக்கருக்குக் கிடைத்த பாராட்டுகளைக் கூட்டினால்கூட அந்த இரண்டு கைகள் மடிக்குப் போனதற்கு ஈடாகாது. அவர் எப்பவும் போகிற மாதிரியே போனார். முதல் தண்டவாளம். இரண்டாவது தண்டவாளம். வண்டி ஒருமுறை தாழ்ந்தது, ஒருமுறை எழுந்தது, அடங்கியது. பின்னாலிருந்து கேக்கக்கா "ம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அமுக்கர் காரணமே இல்லாமல் ஹாரனை ஒருமுறை அடித்தார்.

பள்ளி வாசலில் பெரிய டீச்சரே நின்றிருந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பு கைப்பையிலிருந்து ஒரு மர அளவுகோலை எடுத்து, கேக்கைத் தொடாமல் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வாசலில் நின்ற ஆசிரியைகளெல்லாம் பழக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். கேக்கக்காவும் நிமிர்ந்தார். அமுக்கர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நேரா இருக்கு" என்றார் பெரிய டீச்சர். அளவுகோல் பைக்குள் போனது. "உள்ள கொண்டு போங்க. மேடையில நடு மேசை." பிறகு அமுக்கரைப் பார்த்தார். "இவரு?"

பட்டறை வைத்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. 'அமுக்கர்னு சொன்னா ஊருக்கே தெரியும்' என்பார். இன்று அது வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"கேக்கக்கா வீட்டுக்காரருங்க" என்றார், நெஞ்சு முன்னால் வர.

"ஓ! ஷாக் பாப்பீங்களே, நீங்கதானே? என் காரும் அதோ நிக்குது. கொஞ்ச நாளா பின்னாடி ஒக்காந்தா இடுப்பு வலிக்குது. வந்ததே வந்தீங்க, ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துடுங்களேன்."

அமுக்கர் அந்தக் காரைப் பார்த்தார். கை பரபரத்தது. இருந்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அமுக்கினா பாதிதான் தெரியும் டீச்சர். இப்பல்லாம் எங்க பட்டறையில முறை மாத்திட்டோம். ஓட்டிப் பாக்கணும். அதுக்கு ஜெல்லி வேணும்." சொல்லிவிட்டு, நிபுணரின் பக்கம் திரும்புவதுபோல் மனைவியைப் பார்த்தார்.

கேக்கக்கா கேக்கை மேடைக்கு எடுத்துப்போகும் நாலு ஆசிரியைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்: "ஜெல்லி இன்னைக்குச் செய்யலீங்க. அவசரத்துக்கு நீங்களே பின்சீட்டுல ஒக்காருங்க. டீச்சர் ஓட்டட்டும்."

பெரிய டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அமுக்கருக்குப் புரிந்தது. அவர் சட்டையை நீவி இழுத்துவிட்டுக்கொண்டார், நுட்பமான கருவியைத் துடைத்துத் தயார் செய்வதுபோல் வயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டார், டீச்சரின் காரில் பின்கதவைத் திறந்து, இடுப்பு வலிக்கிற அந்த மூலையில் தலைநிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுங்க டீச்சர். வேகத்தடையில மட்டும் கொறைக்காதீங்க."